டிரோன் மோட்டாரின் வேகமும் சங்கத்தின் பொறுப்பும்

பயிருக்கு மருந்து தெளிக்கும் ஆளில்லா வானூர்தியை, அதாவது டிரோனை, சங்கத்தின் பொதுச் சொத்தாக வாங்கவேண்டும் என்னும் எண்ணம் கூட்டுறவாளரிடையே வேரூன்றி வருகின்றது. வாடகை நிலையம் நடத்தும் கூட்டுறவுச் சங்கங்கள் இதனை வாங்க, விலையில் 40 விழுக்காடு, 4 லட்சம் ரூபாய்க்கு மேற்படாமல், மானியம் வழங்குவதாக ஒன்றிய அரசு 2022இல் அறிவித்தது. மகளிர் சுய உதவிக் குழுக்கள் 15,000க்கு டிரோன் வழங்கும் திட்டம் 2023 நவம்பரில் ஒப்புதல் பெற்றது. வாங்குவதற்கு வழி பிறந்துவிட்டது. வாங்கிய பின் அதனைப் பேணுவது எவ்வாறு என்பதே நாம் இங்கு ஆராயப் புகுந்த விஷயம்.

பொன்னேரிப் பக்கத்து நெல்வயலில் புகையான் கண்ட வாரத்திலே டிரோன் படுத்துவிட்டால், மானியம் எவ்வளவு வந்ததென்ற கணக்கு உழவருக்கு உதவாது. ஆகவே அந்த யந்திரத்தின் உள்ளமைப்பைச் சிறிதேனும் அங்கத்தினர் அறிந்திருத்தல் அவசியமாகும்.

டிரோனுக்கு நான்கோ ஆறோ கைகள் உண்டு. ஒவ்வொரு கையின் முனையிலும் ஒரு மோட்டார். ஒவ்வொரு மோட்டாருக்கும் ஒரு சிறு வேகக் கட்டுப்பாட்டுப் பலகை. தொழிலாளர் இதனை ‘ஈ.எஸ்.சி.’ என்பர். பாட்டரியின் மின்சாரத்தை மூன்று கம்பிகளின் வழியே முறைவைத்து மோட்டாருக்கு ஊட்டுவது இதன் வேலை. இரு கம்பிகளில் மின்சாரம் ஓடும்போது மூன்றாவது கம்பியில் எழும் சிறு மின்னழுத்தத்தைக் கொண்டு, மோட்டார் எந்நிலையில் சுழல்கின்றது என்பதை இப்பலகை உணர்ந்துகொள்கின்றது. இவை எல்லாவற்றுக்கும் மேலாக நடுவில் அமர்ந்து, எந்த மோட்டார் எவ்வளவு விரைய வேண்டுமென ஆணையிடுவது பறப்புக் கட்டுப்பாட்டுப் பலகை.

டிஷாட் என்னும் முறையில் இவ்வாணை 16 துண்டுகள் கொண்ட எண் செய்தியாகச் செல்லும். அவற்றுள் 11 துண்டுகள் வேகத்தைக் குறிக்கும். 1 துண்டு, பலகையிடமிருந்து மறுமொழி வேண்டுமா என்பதைக் கூறும். எஞ்சிய 4 செய்தி பழுதின்றி வந்ததா என்று சரிபார்ப்பதற்கு. நமது பேரேட்டில் இறுதியில் கூட்டுத்தொகை இட்டுச் சரிபார்ப்பது போன்றதே இது.

அம்மையார்குப்பத்து நெசவாளர்க்கு இன்னொன்றைச் சொன்னால் உடனே விளங்கும். ஜக்கார்டு தறியில் அட்டையை மாற்றினால் தறி அதுவே, பூவேலை வேறு. வேகப் பலகையிலும் அவ்வாறே. அதனுள் எழுதப்பட்ட நிரலே அதன் அட்டை. மோட்டார் எத்திசையில் சுழல்வது, தொடக்கத்தில் எவ்வளவு விசை கொடுப்பது, மின்சாரத்தை எந்தக் கணத்தில் மாற்றி ஊட்டுவது என்பன யாவும் அதில் அடங்கும்.

முன்னாளில் இவற்றை மாற்ற ஒவ்வொரு பலகையையும் தனித்தனியே ஒரு கருவியுடன் இணைக்க வேண்டியிருந்தது. இப்போது பறப்புப் பலகையின் வழியாகவே எல்லாவற்றையும் அடையலாம். கணினியை யு.எஸ்.பி. கம்பியால் பறப்புப் பலகையோடு இணைத்தால், அது தன் அதிகாரத்தை ஒதுக்கி வைத்துவிட்டு வெறும் தபால்காரனாக நின்று, கணினியின் செய்தியைப் பிரிக்காமல் வேகப் பலகைகளுக்குச் சேர்ப்பிக்கும்.

இங்கே முதல் விதி, இறக்கைகளைக் கழற்றிவிடுதல். இவ்விதிக்கு விலக்கே இல்லை. மேசைமேல் எதிர்பாராது சுழலும் இறக்கை விரலைத் துண்டிக்க வல்லது. அடுத்து, பாட்டரியையும் இணைக்க வேண்டும், யு.எஸ்.பி. தரும் மின்சாரம் பொதுவாக வேகப் பலகைகளுக்குப் போதாது. பின்னர், உள்ளே இருப்பதை முதலில் படித்துக் குறித்துக்கொண்ட பிறகே மாற்றம் செய்யவேண்டும். நான்கு மோட்டார் கொண்ட டிரோனில் இரண்டு வலமாகவும் இரண்டு இடமாகவும் சுழலும். ஒன்று தவறாகச் சுழன்றால் திசைக் குறிப்பை மாற்றினாலே போதும். கம்பிகள் இரண்டை இடம் மாற்றிப் பற்றவைத்தாலும் திசை மாறும். மூன்று பேஸ் பம்புசெட் வைத்திருக்கும் உழவருக்கு இது புதிய செய்தியன்று. திசை நீங்கலாக மற்ற அளவுகள் எல்லாப் பலகைகளிலும் ஒன்றாகவே இருத்தல் வேண்டும்.

இப்பயிற்சியைச் சிறிய பயிற்சி டிரோனில்தான் செய்யவேண்டும் என்பது நமது உறுதியான அபிப்பிராயம். மருந்து தெளிக்கும் பெரிய டிரோன்களின் பலகைகள் பல, இவ்வழியில் திறவா. மேலும், 2021ஆம் ஆண்டு டிரோன் விதிகளின்படி அவை வகைச் சான்றிதழ் பெற்றவை. சான்று பெற்ற அமைப்பைத் தயாரிப்பாளரின் இசைவின்றி மாற்றுதல் தகாது.

ஒரு செய்தியைக் கூட்டுறவாளர் கருத்திற் கொள்ளவேண்டும். பி.எல்.ஹெலி-32 என்பது உலகெங்கும் வேகப் பலகைகளில் பரவியிருந்த ஒரு நிரல். நார்வே நாட்டில் பிறந்தது. அதன் மூலம் பிறர் காணாதவாறு மூடப்பட்டிருந்தது. 2024 ஜூனில் அதன் வளர்ச்சி நின்றுபோயிற்று. பறந்துகொண்டிருந்தவை பறந்தன, ஆயினும் புதிய திருத்தத்துக்கு வழியில்லை. ஏ.எம்.-32 என்னும் நிரலோ யாவரும் படிக்கவும் திருத்தவும் திறந்து வைக்கப்பட்டது. ஒருவர் விலகினாலும் மற்றவர் தொடரலாம். பொதுவுடைமையின் பயனை நாம் யாருக்கு எடுத்துரைப்பது!

மாதவரம் பால்பண்ணையை அறியாத கூட்டுறவாளர் இலர். தாம் ஊற்றும் பாலின் கொழுப்பளவைச் சங்கத்திலேயே சோதித்துக் குறிப்பது பால் உற்பத்தியாளருக்குப் பழகிய முறை. டிரோனின் அளவுகளையும் அவ்வாறே தளவாடப் பதிவேட்டில், பலகை வாரியாக, நிரலின் பெயரும் பதிப்பெண்ணும் தேதியுமிட்டு எழுதி வைக்கலாம். திருவொற்றியூர், இராயபுரம் பகுதிகளில் மோட்டாருக்குக் கம்பி சுற்றிப் பழகியவர்கள் இத்தொழிலை விரைவில் கற்பர். அவர்களை விட்டுவிட்டு ஒவ்வொரு பழுதுக்கும் தொலைவிலிருந்து ஆளை வரவழைப்பது வீண் செலவு.

டிரோன் வாங்கத் தீர்மானம் நிறைவேற்றும் நிர்வாகக் குழுவினர், விலைப்புள்ளியோடு சில வினாக்களுக்கும் எழுத்தில் விடை பெறவேண்டும். வேகப் பலகையில் உள்ளது எந்த நிரல்? அதன் அளவுகளைப் படிக்கும் உரிமையாவது சங்கத்துக்கு உண்டா? தனிப் பலகை ஒன்றின் விலை என்ன, எத்தனை நாளில் கிடைக்கும்? பலகை மாற்றியபின் அளவுகளைப் பொருத்திச் சோதித்து, பறக்கத் தகுந்ததென்று கையொப்பமிடுபவர் யார்?