கொரைரா – ஒரு குடிப்பெயரின் கதை

குழந்தையின் ஞானஸ்நானத்திற்குப் பெயர் பதிய வந்த இளந்தந்தை ஒருவர், "சுவாமி, 'கொரைரா' என்பதை விட்டுவிடலாமா? எங்களைப் பறங்கியர் என்று எண்ணுகிறார்கள்" என வினவினார்.

முத்துக்குளித்துறைப் பரதவரிடையே 'பர்னாந்து' மலிந்த பெயர். 'கொரைரா' அருகிய பெயர். போர்த்துக்கீசியர் 'கொர்ரேயா' என வழங்கும் இப்பெயர், தோல்வாரைக் குறிக்கும் சொல்லினின்று பிறந்தது. தோல்வார் செய்யும் தொழிலாளரை அது முதலில் சுட்டியது என்பர்.

முத்துக்குளிப்பில் எழுந்த பகையால் நெருக்குண்ட பரதவர், 1535-இல் கொச்சிக்குத் தூது அனுப்பிப் போர்த்துக்கீசியரின் துணையை வேண்டினர். தூதுவர் அங்கேயே ஞானஸ்நானம் பெற்றனர். ஈராண்டிற்குள் கடற்கரை ஊர்களில் ஏறத்தாழ 20,000 பேர் திருமறையைத் தழுவினர். ஞானத்தந்தையராய் நின்ற போர்த்துக்கீசியரின் குடிப்பெயர்களே அம்மக்களின் பெயர்களாயின. புனித சவேரியார் 1542-இல் இக்கரைக்கு வந்து, அவர்களுக்குச் செபங்களைத் தமிழில் கற்பித்தார்.

ஆகவே, இப்பெயர் குருதிவழி வந்ததன்று. ஞானஸ்நானத் தொட்டியருகே பெற்றது. அல்லலுற்ற முன்னோர் விசுவாசத்தில் ஊன்றிய நாளின் நினைவு அது.

இவ்வளவையும் கேட்ட அத்தந்தை சற்று மௌனமானார். பின், "முழுப்பெயரையுமே எழுதுங்கள், சுவாமி" என்றார்.

அன்பர்களே, உங்கள் குடிப்பெயரின் கதையைப் பிள்ளைகளுக்குச் சொல்லியிருக்கிறீர்களா?