தாழ்ந்த கார், தவிக்கும் இடுப்பு

காரைத் தரையோடு ஒட்டினாற்போல் இறக்க ஆசைப்படுகிறவர்களில் சிலர் முதலில் கை வைப்பது ஸ்பிரிங்கில். ஒரு கட்டிங் மெஷின், அரை மணி நேரம், வேலை முடிந்தது. அடுத்த வாரமே இடுப்பைப் பிடித்துக்கொண்டு, "வண்டி ரொம்ப ஹார்டா இருக்குண்ணே" என்று மெக்கானிக்கிடம் வந்து நிற்பார்கள்.

ஹார்டாகத்தான் இருக்கும். சுருள்வில்லில் சுற்றுகள் குறையக் குறைய விறைப்பு கூடும். வேலை செய்யும் ஆறு சுற்றுகளில் ஒன்றை வெட்டினால் விறைப்பு 20 சதவீதம் ஏறிவிடும். ஆனால் முதல் குற்றவாளி அதுவல்ல. சக்கரம் மேலே ஏறி இறங்க இருந்த இடம் பறிபோனதுதான் பெரிய நஷ்டம். எட்டு சென்டிமீட்டர் இருந்த இடத்தில் காரை நான்கு இறக்கினால் மீதி நான்குதான். அது தீர்ந்ததும் சஸ்பென்ஷன், ஷாக் அப்சார்பரின் தண்டில் இருக்கும் பம்ப் ஸ்டாப்பர் என்ற ரப்பர் கட்டையில் போய் முட்டும். ஸ்பீட் பிரேக்கரில் முதுகெலும்பு வரை ஏறும் அந்த 'டம்' சத்தம் இதுதான்.

அதே அடியைப் பாதி தூரத்துக்குள் ஸ்பிரிங் மட்டுமே வாங்கிக்கொள்ள வேண்டுமென்றால் அது நான்கு மடங்கு விறைப்பாக இருக்க வேண்டும். சுருளில் சேரும் ஆற்றல் அமுங்கும் தூரத்தின் வர்க்கத்தைப் பொறுத்தது. விறைப்பு கூடினால் ஆட்டம் வேகமாகும். காரின் எடையில் 25 சென்டிமீட்டர் அமுங்கும் சஸ்பென்ஷன் நொடிக்கு ஒருமுறை ஆடும். ஆறே சென்டிமீட்டர் அமுங்கினால் இருமுறை. மேல்கீழ் அதிர்வை நம் உடம்பு மிகக் குறைவாகப் பொறுப்பது நொடிக்கு 4 முதல் 8 அதிர்வுகளில். விறைக்க விறைக்க அந்தப் பேட்டையை நோக்கித்தான் போகிறோம்.

வெட்டுவதற்குப் பதில் திருகு மரை உள்ள காயில் ஓவர் (ஷாக்கைச் சுற்றியே ஸ்பிரிங் அமைந்த செட்) போடுகிறவர்களுக்கு வேறொரு குழப்பம். ஸ்பிரிங் உட்காரும் வளையத்தைத் திருகி காரை உயர்த்திவிட்டு, "ஸ்பிரிங் டைட் ஆயிடுச்சு" என்பார்கள். சீரான சுருளில் அப்படி ஆகாது. காரின் எடை ஏற்கெனவே அதை அமுக்கி வைத்திருக்கிறது. விறைப்பு மாறாமல் கார் மட்டும் எழும். போவது, பள்ளத்தில் சக்கரம் கீழே இறங்க இருந்த இடம். அடிப்பகுதி தனியாகத் திரும்பும் வகையில் இந்தத் தொல்லை இல்லை. ஷாக்கின் ஓட்டம் அப்படியே இருக்க, உயரம் மட்டும் மாறும். டயர் மட்கார்டில் உரசுகிறதா என்று மட்டும் பார்க்க வேண்டும்.

சொகுசு வேண்டி, ஷாக் ஆட்டத்தை அடக்கும் அளவை (டேம்பிங்) மாற்றும் குமிழைக் கடைசி வரை தளர்த்துவதும் பலன் தராது. நான்கு மடங்கு விறைத்த ஸ்பிரிங்கை அடக்க இருமடங்கு டேம்பிங் தேவை. இல்லையென்றால் கார் படகுபோல் ஆடிக்கொண்டே போகும்.

ஆர்.சி.யில் உள்ள விவரம் மாறும்படி வண்டியைத் திருத்துவதை மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-வது பிரிவு தடுக்கிறது என்பதையும் போகிறபோக்கில் சொல்லிவைக்கிறேன்.

எவ்வளவு இறக்கலாம் என்பதற்கு ஐந்து பைசா செலவில்லாத சோதனை ஒன்று உண்டு. ஷாக்கின் தண்டில் ஒரு பிளாஸ்டிக் டேகை இறுக்கமாகக் கட்டி, கீழே தள்ளிவிட்டு, வழக்கமான பாதையில் வழக்கமான ஆட்களோடு ஒரு சுற்று ஓட்டிவிட்டு வாருங்கள். டேக் ஸ்டாப்பரை நெருங்கியிருந்தால் காரை ஒரு சென்டிமீட்டர் ஏற்றி, வீல் அலைன்மென்ட் பார்த்துவிட்டு, மறுபடி ஓட்டுங்கள்.