கைகள் என்றழைக்கப்பட்டவர்கள்

பத்தொன்பதாம் நூற்றாண்டு இங்கிலாந்தின் பஞ்சாலைகள் பற்றிய கட்டுரை ஒன்றை மொழிபெயர்த்துக்கொண்டிருந்தேன். ஆலை முதலாளியின் கணக்கில் 'முந்நூறு ஹேண்ட்ஸ்' என்று வந்தது. யோசிக்காமல் 'முந்நூறு தொழிலாளர்கள்' என்று எழுதிவிட்டேன். படித்துப் பார்த்த நண்பர், மில்லில் வேலை பார்த்தவர், கேட்டார்: "அவன் கைன்னுதானே தோழர் எழுதியிருக்கான். அவன் குடுக்காத மரியாதைய நீங்க ஏன் சேத்துக் குடுக்குறீங்க?" அந்தக் கேள்விதான் இக்குறிப்பு.

ஆங்கிலத்தில் ஹேண்ட் என்றால் கை, கடிகார முள், ஒருவருடைய கையெழுத்து, சீட்டாட்டத்தில் ஒருவருக்கு விழுந்த சீட்டுகள், குதிரையின் உயரத்தை அளக்கும் 4 அங்குலம். கூலிக்கு வேலை செய்பவரும் ஹேண்ட்தான். அகராதி எல்லாவற்றுக்கும் எண் போட்டு அடுக்கிவிட்டு ஒதுங்கிக்கொள்கிறது. ஆனால் இந்த அர்த்தங்கள் ஒரே தளத்தில் நிற்பவை அல்ல.

உறுப்பின் பெயர் முழு ஆளுக்கு ஆகிவருவதை நம் இலக்கணம் சினையாகுபெயர் என்கிறது. 'தலைக்கு ஒரு பழம்' என்பது பள்ளிக்கூட உதாரணம். எந்த உறுப்பு யாருக்கு ஆகிவருகிறது என்று இலக்கணம் கேட்பதில்லை. பழம் பங்கிடும்போது எல்லோருக்கும் ஒரு தலை உண்டு. பஞ்சாலையில் முதலாளி ஒருநாளும் கை ஆவதில்லை. டிக்கன்ஸ் 1854இல் எழுதிய 'ஹார்ட் டைம்ஸ்' நாவலில் கோக்டவுன் மக்களுக்கு இதுவே பெயர். அவர்கள் வெறும் கைகளாக, அல்லது கையும் வயிறும் மட்டுமாகப் படைக்கப்பட்டிருந்தால் சிலருக்கு இன்னும் பிடித்திருக்கும் என்று அவர் கசப்போடு சொல்கிறார்.

இன்னொரு கையும் இருக்கிறது. அது பிடிக்கிற கை. கைக்கு லத்தீனில் மானுஸ் என்று பெயர். ரோமானியச் சட்டத்தில் மனைவி மீது கணவனுக்கிருந்த அதிகாரத்துக்கும் அதே பெயர். அடிமையை விடுவிப்பது மானுமிஷன்: கையிலிருந்து அனுப்பிவிடுதல். நாம் மேடையில் முழங்குகிற எமான்சிபேஷனுக்குள்ளும் இந்தக் கைதான் ஒளிந்திருக்கிறது. ஆடம் ஸ்மித் 1776இல் எழுதிய 'கண்ணுக்குத் தெரியாத கை'யைப் பின்வந்தவர்கள் சந்தைக்கே பெயராக்கினார்கள். ஆக, ஆள்கிற கை கண்ணுக்குத் தெரிவதில்லை. உழைக்கிற கைக்கு மேல் இருக்கும் முகம் தெரிவதில்லை.

அப்படியானால் கை என்பதே இழிசொல்லா? இல்லை. கை உழைப்பின் கருவி, அதோடு உழைப்பால் உருவானதும்கூட என்று எங்கெல்ஸ் 1876இல் எழுதிய கட்டுரையில் வாதிட்டார். உழைத்து உழைத்துத்தான் கை கையானது. கூடவே மூளையும் வளர்ந்தது. இழிவு கையில் இல்லை. அதை உடம்பிலிருந்தும் மூளையிலிருந்தும் வெட்டியெடுத்துக் கணக்கில் எழுதுவதில் இருக்கிறது.

தமிழ் இதில் சுத்தம் என்று சொல்ல வரவில்லை. 'நடவுக்குப் பத்து ஆள் வேணும்' என்னும்போது முழு மனிதரைச் சொல்வதுபோலத்தான் தெரிகிறது. ஆனால் தஞ்சை வயல்களில் ஆண்டவர் ஆண்டை, ஆளப்பட்டவர் பண்ணையாள். இரண்டு சொல்லிலும் கேட்பது ஒரே 'ஆள்'. பிடிக்கிற கையும் பிடிபட்ட கையும் ஆங்கிலத்தில் ஒரே சொல்லில் கிடப்பதுபோலவே இது.

தொழிலாளி என்ற சொல்லிலும் அந்த 'ஆள்' இருக்கிறது. ஆனால் திசை வேறு. அங்கே தொழிலை ஆள்பவர் அவர். சங்கம் கட்டியவர்கள் கொடி பிடித்து நிலைநாட்டிய பெயர் அது. முதலாளியின் வாயில் அதை நான் போட்டது அவனுக்குச் செய்த உபகாரம்.

திருத்தினேன். முதலாளியின் கணக்கேடு பேசும் இடங்களில் 'முந்நூறு கைகள்'. அந்த முந்நூறு பேரும் வேலைநிறுத்தம் செய்து வாசலில் நிற்கும் பக்கத்திலிருந்து 'தொழிலாளர்கள்'.