ஐந்து சாவுகளும் ஒரு துறவியின் கணக்கும்

1714 ஜூலை 20, நண்பகல். பெரு நாட்டில் லிமாவிலிருந்து குஸ்கோ செல்லும் பாதையில் இருந்த பழைய கயிற்றுப் பாலம் அறுந்து, ஐந்து பேர் பள்ளத்தாக்கில் விழுந்து இறக்கிறார்கள். அமெரிக்க எழுத்தாளர் தார்ன்டன் வைல்டர் 1927இல் வெளியிட்ட ‘சான் லூயி ரே பாலம்’ என்ற சிறிய நாவல் இந்தக் கற்பனை விபத்தில் தொடங்குகிறது. சற்று நேரத்தில் அதே பாலத்தில் ஏறியிருக்க வேண்டிய ஜூனிப்பர் என்ற துறவி, தப்பித்தோம் என்று மகிழவில்லை. இந்த ஐவர் மட்டும் ஏன் என்று கேட்கிறார். கடவுளின் திட்டத்தை இதில் நிரூபித்துவிடலாம் என்று நம்பி, ஆறு ஆண்டுகள் வீடு வீடாக விசாரித்துப் பெரிய நூலொன்று எழுதுகிறார். சாவுக்கான காரணத்தை இறந்தவரின் நன்மை தீமைகளில் தேடுவது வீண் என்பதை இவ்வளவு தெளிவாகக் காட்டிய நாவல்கள் குறைவு.

மகளின் அன்புக்கு ஏங்கியே வாழ்ந்த மார்க்கேசா, முதன்முறையாக எதையும் எதிர்பாராத அன்போடு அவளுக்குக் கடிதம் எழுதிய இரண்டாம் நாள் பாலத்தில் இறக்கிறாள். இரட்டைச் சகோதரனைப் பறிகொடுத்துத் தற்கொலைக்கு முயன்ற எஸ்தபான், கப்பலேறிப் புது வாழ்வு தொடங்கச் சம்மதித்திருந்தான். பியோ மாமா, நடிகை கமிலாவின் மகனைப் படிக்கவைக்க அழைத்துச் செல்கிறார். அந்தச் சிறுவனும் சாகிறான். வாழ்வின் திருப்பத்தில் நின்றவர்களையே பொறுக்கியெடுத்துப் பாலத்தில் ஏற்றியது ஆசிரியரின் சூழ்ச்சியல்லவா என்று கேட்கலாம். தேர்வு அவருடையதுதான், மறுப்பதற்கில்லை. ஆனால் விதியை நிரூபிப்பது அவர் எண்ணமானால் துறவியின் கணக்கை வெல்லவைத்திருப்பார். அவரோ அதைத் தோற்கடிக்கிறார். முன்பு ஒரு கொள்ளைநோயின்போது, இறந்த 15 பேருக்கும் பிழைத்த 15 பேருக்கும் நற்குணம், பக்தி, பயன் என மதிப்பெண் போட்டுப் பார்த்தவர் ஜூனிப்பர். இறந்தவர்களே ஐந்து மடங்கு காப்பாற்றத் தகுந்தவர்கள் என்று விடை வந்தது. பால விபத்திலோ, தீயோர் தண்டிக்கப்பட்டதையும் நல்லோர் சீக்கிரம் சொர்க்கத்துக்கு அழைக்கப்பட்டதையும் ஒருசேரக் கண்டதாக நினைக்கிறார். எந்தச் சாவுக்கும் பொருந்தும் விளக்கம் எதையும் விளக்குவதில்லை. கடைசியில் திருச்சபை அவரையும் அவர் நூலையும் எரிக்கிறது.

அப்படியானால் அன்பைக் காட்டி முடிக்கும் கடைசிப் பகுதி மழுப்பலான ஆறுதல்தானே என்பது இன்னும் கடுமையான ஆட்சேபம். 2001இல் நியூயார்க் தாக்குதலில் இறந்த பிரிட்டானியருக்கான நினைவு வழிபாட்டில் அன்றைய பிரிட்டிஷ் பிரதமர் டோனி பிளேர் வாசித்தது அந்தப் பகுதியைத்தான். தனியே பிரித்துப் படித்தால் அது ஆறுதலாகவே ஒலிக்கும். நாவலுக்குள் அது அவ்வளவு இனிப்பானதல்ல. இறந்தவர்களை நினைப்பவர்களும் சாவார்கள், நினைவும் அழியும் என்பதை முழுக்க ஒப்புக்கொண்ட பிறகே, நாவலில் வரும் கன்னியர் மடத்தின் தலைவி அன்பைப் பற்றி எண்ணுகிறாள். அந்த அன்பு செய்யும் வேலையும் கண்ணெதிரே நடக்கிறது: மகனையும் பியோ மாமாவையும் இழந்த கமிலா மடத்துக்கு வந்து நோயாளிகளுக்குப் பணிசெய்கிறாள். மார்க்கேசாவின் மகள் கடல் கடந்து வந்து, தாயின் கடைசிக் கடிதத்தைத் தலைவியிடம் காட்டுகிறாள். துறவி ஆறு ஆண்டுகள் திரட்டிய தகவல்களில் இடம்பெறாதது அந்தக் கடிதம் மகளுக்குள் செய்த மாற்றம்.