கைக்குழந்தையோடு வருபவருக்குப் பயிற்சியில் இடம் உண்டா?

தையல், செவிலியர் உதவியாளர், மின்பணி, செல்போன் பழுதுபார்ப்பு என்று இலவசத் திறன் பயிற்சிக்கான அறிவிப்புகள் ஊராட்சி அலுவலகச் சுவரில் அடிக்கடி ஒட்டப்படுகின்றன. ‘தங்குமிடம் இலவசம், உணவு இலவசம்’ என்ற வரி அதில் பெரிய எழுத்தில் இருக்கும். பத்தொன்பது வயதில் திருமணமாகி, இருபத்தொன்றில் இடுப்பில் குழந்தையோடு நிற்கும் நம் காலனிப் பெண்ணுக்கு அந்த வரிதான் கதவைச் சாத்துகிறது. மூன்று மாதம் விடுதியில் தங்க வேண்டுமென்றால், பால்குடிக்கும் பிள்ளையை யாரிடம் விட்டுவிட்டுப் போவாள்?

இதற்கு நிதி இல்லை என்று யாரும் சொல்ல முடியாது. 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி தமிழகத்தில் பட்டியல் சாதியினர் 20 சதவீதம். திட்ட நிதியிலும் அந்த விகிதம் ஒதுக்கப்பட வேண்டும், அதை வேறு செலவுக்குத் திருப்பக்கூடாது என்பது 1979-80 முதல் இருந்துவரும் சிறப்புக் கூறுத் திட்டத்தின் அடிப்படை. 2024இல் தமிழக அரசு இதற்கெனத் தனிச் சட்டமே இயற்றியது. 1974இல் தொடங்கப்பட்ட தாட்கோ மாவட்டந்தோறும் இயங்குகிறது. 2014இல் ஒன்றிய அரசு தொடங்கிய தீனதயாள் உபாத்யாய கிராமப்புறத் திறன் பயிற்சித் திட்டத்தில் பாதி நிதி பட்டியல் சாதியினருக்கும் பழங்குடியினருக்கும். பயனாளிகளில் மூன்றில் ஒருவர் பெண்ணாக இருக்க வேண்டும். பெண்களுக்கு 45 வயது வரை அனுமதி. ஏட்டில் அந்தத் தாய்க்கு இடம் இருக்கிறது. நடைமுறையில் ஏன் இல்லை?

ஒரு நாளின் கணக்கைப் போட்டுப் பார்த்தால் புரியும். அங்கன்வாடி இரண்டு வயதான பிள்ளையைத்தான் சேர்க்கும். பயிற்சி வகுப்பு மாலையில் முடியுமுன்பே அது மூடிவிடும். இரண்டு வயதுக்கு உட்பட்ட பிள்ளைக்கு அந்த இடமும் இல்லை. பாட்டி பார்த்துக்கொள்வாள் என்று சொல்வது சுலபம். நம் வீடுகளில் பாட்டியும் நாற்று நடப் போகிறவள்தான். பிள்ளையின் தகப்பனுக்கோ அன்றாடக் கூலி. அவன் மூன்று மாதம் பயிற்சிக்குப் போனால் வாரக் கடன் தவணையை யார் கட்டுவது? கடைசியில் வருகைப் பதிவேட்டில் அவர்கள் ‘இடைநின்றவர்’ ஆகிறார்கள். ஏன் நின்றார்கள் என்பதை எழுத அதில் கட்டமே இல்லை. பயிற்சி முடித்தவர், வேலையில் சேர்ந்தவர் எண்ணிக்கையைப் பார்த்தே நிறுவனத்துக்குத் தவணைப் பணம் விடுவிக்கப்படுவதால், பிள்ளை பெற்றவரைச் சேர்க்கத் தயங்குவது நிறுவனத்துக்கு லாபமாகவும் முடிகிறது.

நாம் புதிதாக எதையும் கேட்கவில்லை. 1928இல் பம்பாய் சட்டமன்றத்தில் மகப்பேறு உதவி மசோதாவை ஆதரித்துப் பேசிய அண்ணல் அம்பேத்கர், தாய்க்கு ஓய்வு கிடைப்பது நாட்டின் நலன், ஆகவே அதன் செலவில் பெரும்பங்கை அரசே ஏற்க வேண்டும் என்று வாதிட்டார். 2005ஆம் ஆண்டின் நூறு நாள் வேலைச் சட்டத்தில், வேலைத்தளத்துக்கு ஆறு வயதுக்குக் குறைந்த பிள்ளைகள் ஐந்து பேரோ அதற்கு மேலோ வந்தால், அவர்களைப் பார்த்துக்கொள்ள ஒரு பெண்ணைக் கூலியோடு அமர்த்த வேண்டும் என்று எழுதப்பட்டது. 50 பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் நிறுவனத்தில் குழந்தைக் காப்பகம் இருக்க வேண்டும் என்றது 2017ஆம் ஆண்டின் மகப்பேறு நலச் சட்டத் திருத்தம். மண் வெட்டும் இடத்துக்கும் ஆலைக்கும் பொருந்தும் நியாயம் பயிற்சிக் கூடத்துக்கு மட்டும் பொருந்தாதா?

ஆகவே பயிற்சி நிதியில் மூன்று செலவுகளைத் தனியே எழுத வேண்டும். ஒன்று, பயிற்சி மையத்திலேயே பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ள ஓர் அறை, பால், ஆயா கூலி. அந்த ஆயா வேலையும் நம் காலனிப் பெண்ணுக்கே கிடைக்கட்டும். இரண்டு, ஒன்றியத் தலைநகரிலேயே பகல் நேர வகுப்பு. 2021 முதல் சாதாரணக் கட்டண நகரப் பேருந்துகளில் பெண்களுக்குக் கட்டணம் இல்லாததால் போய்வரச் செலவு பெரிதாக இருக்காது. மூன்று, பயிற்சி நாட்களுக்கு இழக்கும் கூலிக்கு ஈடான உதவித்தொகை. தகப்பன் படித்தாலும் தாய் படித்தாலும்.

கல்லூரியில் படிக்கும் தம்பி தங்கைகளுக்கு இதில் வேலை இருக்கிறது. உங்கள் மாவட்டத்தில் கடந்த ஆண்டு பயிற்சியில் சேர்ந்த பட்டியல் சாதியினர் எத்தனை பேர், குழந்தை உள்ளவர் எத்தனை பேர், இடைநின்றவர் எத்தனை பேர் என்று தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் கேளுங்கள். கட்டணம் பத்து ரூபாய். 30 நாளில் பதில் தர வேண்டும். குழந்தை உள்ளவர்களைப் பற்றிக் கணக்கே இல்லை என்று பதில் வந்தால், அதுவும் ஒரு சான்றுதான். அந்தப் பதிலோடு கிராம சபைக்குப் போங்கள். காலனித் தாய்மார்களை முன்வரிசையில் உட்கார வைத்து, குழந்தைக் காப்பகத்தோடு கூடிய பயிற்சி வேண்டும் என்று தீர்மானம் எழுதச் சொல்லுங்கள். தீர்மானப் புத்தகத்தில் ஏறிய பிறகே கையெழுத்துப் போடுங்கள்.