சிப்காட் சாலையில் ஒரு சிறு ஜிம்

சிறு உடற்பயிற்சிக்கூடம் என்பது பெரும்பாலும் ஒரு ஹால், ஒரு மாஸ்டர், கொஞ்சம் இரும்பு, அவ்வளவுதான். கடலூர் முதுநகரைத் தாண்டிச் சிதம்பரம் செல்லும் சாலையில், சிப்காட் தொழிற்பேட்டைக்கு வேலைக்குப் போகிறவர்கள் குடியிருக்கும் ஊர்களில், இப்படி ஒன்றைத் திறக்கப் பணம் புரட்டிவிடலாம். திறந்த பிறகு ஆள் சேர்ப்பதுதான் கடினம். பதினெட்டு, இருபது வயதுப் பையன்கள் தாங்களாகவே வருவார்கள். கண்ணாடியும் பாட்டும் இருந்தால் அவர்களுக்குப் போதும். ஆனால் பரீட்சை வந்தால் நின்றுவிடுவார்கள், வேலை கிடைத்தால் ஊரைவிட்டே போய்விடுவார்கள். கூடத்தின் வாடகையை மாதாமாதம் தாங்கக்கூடியவர்கள் முப்பதிலிருந்து அறுபது வயதுக்குள் இருப்பவர்கள். வாசல்வரை வந்து தயங்கித் திரும்புகிறவர்களும் அவர்கள்தான்.

அவர்களுக்குப் பயிற்சி தேவை என்பதில் ஐயமில்லை. பெரியவர்கள் வாரத்துக்கு 150 நிமிடமாவது மிதமான உடலுழைப்பில் ஈடுபட வேண்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். 2024இல் லான்செட் குளோபல் ஹெல்த் இதழில் வெளியான கணக்கீட்டின்படி, இந்தியாவில் ஏறக்குறையப் பாதிப் பேர் அதை எட்டுவதில்லை; பெண்களில் 57 சதவீதம், ஆண்களில் 42 சதவீதம். நாட்டில் சுமார் 10 கோடிப் பேருக்குச் சர்க்கரை நோய் இருப்பதாக இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் ஆய்வு 2023இல் சொன்னது. ஆனால் தேவை இருப்பவரெல்லாம் வாடிக்கையாளர் ஆகிவிடுவதில்லை. தேவனாம்பட்டினம் கடற்கரையில் விடியற்காலையில் நடக்கக் காசு கிடையாது. சிதம்பரத்தில் தேரோடும் வீதிகளைச் சுற்றி வரவும் கிடையாது. 2023 நவம்பரில் ‘நடப்போம் நலம் பெறுவோம்’ என்ற பெயரில் தமிழக அரசே மாவட்டந்தோறும் 8 கிலோமீட்டர் நடைபாதையைக் குறித்துக் கொடுத்தது. சும்மா நடக்க முடிகிறவரிடம் மாதக் கட்டணம் கேட்கும் கூடம், நடையில் கிடைக்காத ஒன்றைக் கொடுத்தாக வேண்டும். அந்த ஒன்று தசை வலு. முப்பது வயதுக்குப் பின் மெல்லக் கரைந்துகொண்டே வரும் தசையை நடை மட்டும் காப்பாற்றாது. தள்ளவும் இழுக்கவும் தூக்கவும் வேண்டும். உலக சுகாதார நிறுவனத்தின் 2020ஆம் ஆண்டு வழிகாட்டுதலில், வாரத்தில் இரண்டு நாளாவது தசைக்கு வலுவூட்டும் பயிற்சி வேண்டும் என்ற வரியும் இருக்கிறது. நடப்பவர்கள் அதைப் பெரும்பாலும் கவனிப்பதில்லை.

“நாள் பூராவும் டிரம் உருட்டுகிறவனுக்கு எதற்கு எக்சர்சைஸ்?” என்ற கேள்வி இந்தச் சாலையில் நிச்சயம் வரும். நியாயமான கேள்விதான். டென்மார்க்கில் ஆண்ட்ரியாஸ் ஹோல்டர்மன் என்ற ஆய்வாளரும் அவருடன் பணியாற்றியவர்களும் இதைப் பல ஆண்டுகள் ஆராய்ந்திருக்கிறார்கள். ஓய்வு நேரத்தில் செய்யும் உடற்பயிற்சி இதயத்துக்குத் தரும் நன்மையை, வேலையிடத்தில் படும் உடலுழைப்பு அப்படியே தருவதில்லை என்பது அவர்கள் காட்டிய முரண். வேலையில் ஒரே அசைவு மணிக்கணக்கில் நடக்கிறது. இளைப்பாற இடைவெளி குறைவு. சுமையைக் கூட்டுவதும் குறைப்பதும் தொழிலாளியின் கையில் இல்லை. இந்த விளக்கம் எல்லோரும் ஒப்புக்கொண்ட முடிவல்ல, விவாதம் தொடர்கிறது. ஆனாலும் முதுகு பிடித்துக்கொண்டு வரும் டிரம் உருட்டுகிறவருக்கு இது புரியும். கன்ட்ரோல் ரூமில் எட்டு மணி நேரம் திரையைப் பார்த்துக்கொண்டிருப்பவருக்கு விளக்கமே தேவையில்லை.

அடுத்த தடை கடிகாரம். வழக்கமான ஜிம்கள் விடிகாலை ஐந்தரைக்குத் திறந்து, ஒன்பது பத்து மணிக்குப் பூட்டி, மாலையில் மறுபடி திறக்கும். அலுவலகம் போகிறவர்கள் உள்ள ஊருக்கு இது சரி. சிப்காட்டிலோ இரசாயனம், சாயம், மருந்து மூலப்பொருள் என்று இரவு பகலாக ஓடும் ஆலைகள் பல. பொதுவாகக் காலை ஆறு, பகல் இரண்டு, இரவு பத்து என்று ஏ, பி, சி என மூன்று ஷிப்ட். ஆளும் வாரம் ஒரு ஷிப்டாக மாறிக்கொண்டிருப்பார். “காலை ஆறு மணி பேட்ச்” என்று ஒருவரைச் சேர்த்தால் ஏ ஷிப்ட் வாரத்தில் அந்நேரம் அவர் ஆலை வாசலில் நிற்பார், நைட் ஷிப்ட் வாரத்தில் அப்போதுதான் வெளியே வருவார். மூன்று வாரத்தில் இரண்டு வாரம் வராதவர் நான்காவது வாரம் கட்டணம் கட்டுவதில்லை.

ஆகவே இங்கே பேட்ச் என்ற ஏற்பாடே உதவாது. ஆளை ஷிப்டோடு நகர விட வேண்டும். ஏ ஷிப்ட்காரர் இரண்டு மணிக்கு வெளியே வந்து, சாப்பிட்டுச் சற்றுக் கண்ணயர்ந்து, நான்கு மணிக்குத் தயாராவார். பி ஷிப்ட்காரர் பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்பிவிட்டுக் காலை ஒன்பதிலிருந்து பதினொன்றுவரை சும்மா இருப்பார். மற்ற ஜிம்கள் பூட்டிக் கிடக்கும் அந்த இரண்டு மணி நேரம்தான் சிப்காட் பகுதிக் கூடத்துக்குக் கிடைக்கும் தனி வருமானம். நைட் ஷிப்ட்காரருக்குத் தூங்கி எழுந்த பின் மாலை ஐந்து மணி பொருந்தும். இரவெல்லாம் விழித்துவிட்டு ஏழு மணிக்கு நேரே ஜிம்முக்கு வந்து கனமாகத் தூக்குவதை நல்ல மாஸ்டர் அனுமதிக்கமாட்டார். தூக்கமில்லாத உடம்பில் கவனம் சிதறும், பிடி நழுவும்.

இடத்தைத் தேர்வதிலும் இதே கணக்குத்தான். ஆலை வாசலருகே வாடகை குறைவாக இருக்கலாம். ஆனால் வேலை முடிந்தவர் கம்பெனி பஸ்ஸைப் பிடிக்கத்தான் பார்ப்பார். பஸ் இறக்கிவிடும் இடங்களான முதுநகர், திருப்பாதிரிப்புலியூர், ஆலப்பாக்கம், புதுச்சத்திரம், சிதம்பரம்தான் கூடத்துக்கு ஏற்ற இடங்கள். இன்னொரு காரணம் காற்று. மத்திய மாசுக்கட்டுப்பாட்டு வாரியம் 2009இல் வெளியிட்ட மாசுக் குறியீட்டில் கடலூர் 77.45 புள்ளிகளுடன் கடும் மாசுக்குள்ளான பகுதிகளின் பட்டியலில் இடம்பெற்றது. சும்மா உட்கார்ந்திருக்கும் மனிதர் நிமிடத்துக்கு 6 முதல் 8 லிட்டர் காற்றை உள்ளிழுக்கிறார். மூச்சு வாங்க உழைக்கும்போது அது 60 லிட்டரைத் தாண்டிவிடும். நாற்றம் வீசும் மாலையில் ஜன்னலைத் திறந்துவைத்து ஆளை ஓட விடுவது பயிற்சியாகாது.

நேரமும் இடமும் பொருந்தினாலும் கூச்சம் மிச்சம் இருக்கும். வாசலில் தொங்கும் ஃபிளெக்ஸில் எண்ணெய் பூசி முறுக்கேறிய உடம்பு ஒன்று இருந்தால், தொப்பை விழுந்த நாற்பத்தைந்து வயதுக்காரர் “இது நமக்கில்லை” என்று முடிவுகட்டி நடையைக் கட்டுவார். அந்தப் படம் ஆளை விரட்டவே பணம் கொடுத்து அடித்ததுபோல் ஆகிவிடுகிறது. பெரியவர்களுக்கான கூடம் தன் விளம்பரத்தில் முட்டிவலி, முதுகுவலி, மாடிப்படி, மூச்சு வாங்குதல் என்று அவர்கள் பேசும் விஷயங்களைப் பேசினால் போதும். அதே சமயம் சர்க்கரையைக் குணப்படுத்துவோம், பத்து நாளில் பத்து கிலோ குறைப்போம் என்றெல்லாம் அச்சடித்துவிடக் கூடாது. அது பொய், அதை நம்பி வருகிறவர் பதினோராவது நாள் இருக்கமாட்டார்.

முதல் நாளில்தான் எல்லாம் இருக்கிறது. நெஞ்சுவலி வந்ததுண்டா, தலைசுற்றல் உண்டா, இரத்த அழுத்தத்துக்கு மாத்திரை சாப்பிடுகிறாரா, மூட்டுத் தொந்தரவு உண்டா என்று கேட்டு எழுதிக்கொள்வது முதல் வேலை. கனடாவில் 1970களில் உருவாகி உலகமெங்கும் பரவிய ஏழு கேள்விப் படிவம் ஒன்று இதற்கென்றே இருக்கிறது; ஒரு கேள்விக்கு ‘ஆம்’ என்று பதில் வந்தாலும் மருத்துவரைப் பார்த்துவிட்டு வரச் சொல்ல வேண்டும். இப்படித் திருப்பி அனுப்பினால் ஆள் போய்விடுமே என்று புதிய உரிமையாளர்கள் அஞ்சுவதுண்டு. பெரும்பாலும் நேர்மாறாகவே நடக்கிறது. கேள்வி கேட்கும் இடத்தை வயதானவர்கள் நம்புகிறார்கள்.

அடுத்தது ஒரு நாற்காலி. கைப்பிடி இல்லாத சாதாரண நாற்காலியைச் சுவரோரம் போட்டு, கைகளை மார்பின் குறுக்கே கட்டிக்கொண்டு, 30 விநாடியில் எத்தனை முறை முழுதாக எழுந்து உட்கார முடிகிறது என்று எண்ண வேண்டும். முதியோரின் கால் வலுவை அளக்க அமெரிக்காவில் 1999இல் வகுக்கப்பட்ட சோதனை இது; செலவு கிடையாது, அவமானமும் கிடையாது. எடை பார்க்கும் கருவியில் ஏற மறுப்பவரும் இதற்கு ஒப்புக்கொள்வார். வந்தவர் 11 முறை எழுந்தார் என்றால் அந்த எண் தேதியோடு நோட்டில் ஏறும்.

இந்த எண்ணால்தான் அவர் நிலைக்கிறார். பயிற்சி தொடங்கிய முதல் சில வாரங்களில் தசை பருப்பதில்லை. இருக்கும் தசை நார்களில் அதிகமானவற்றை ஒரே நேரத்தில் இயக்க நரம்புகள் கற்றுக்கொள்கின்றன. அதனால் வலு முதலில் கூடுகிறது, உருவம் பிறகுதான் மாறுகிறது. கண்ணாடியை நம்பி வந்தவர் ஆறு வாரத்தில் ஒன்றும் நடக்கவில்லை என்று நின்றுவிடும் நேரத்தில், நாற்காலிக் கணக்கு பதினொன்றிலிருந்து ஏறியிருக்கும். மாற்றம் கண்ணுக்குத் தெரிவதற்குமுன் கைக்குக் கிடைக்கும் சான்று அதுதான்.

இதைக் கெடுப்பதற்கு ஒரே நாள் போதும். பழக்கமில்லாத தசையை முதல் நாளே வாட்டினால், வலி உடனே வராது. 12 முதல் 24 மணி நேரத்துக்குள் தொடங்கி இரண்டாம் மூன்றாம் நாளில் உச்சத்துக்குப் போகும். குந்தி எழுவது, படி இறங்குவது போல தசை நீண்டுகொண்டே சுமை தாங்கும் அசைவுகளில் இது அதிகம். நூறு பஸ்கி எடுக்க வைக்கப்பட்டவர் மறுநாள் கழிப்பறையில் உட்கார்ந்து எழ முடியாமல் தவித்தால், அந்தக் கதை ஷிப்ட் முழுக்கப் பரவும். முதல் நாள் இலேசாகச் செய்த தசைக்கு அடுத்தடுத்த முறை வலி வெகுவாகக் குறைந்துவிடும் என்பது நன்கு நிறுவப்பட்ட உண்மை. ஆகவே முதல் வாரத்தில் “இவ்வளவுதானா?” என்று கேட்க வைத்து அனுப்புகிற மாஸ்டர்தான் கெட்டிக்காரர். அத்தகைய மாஸ்டரைத் தேடி வெகுதூரம் போக வேண்டியதில்லை; சிதம்பரம் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்திலேயே உடற்கல்வித் துறை இருக்கிறது.

பெண்களுக்குக் காலை பத்திலிருந்து பன்னிரண்டு வசதிப்படும். அது பி ஷிப்ட் ஆண்களின் நேரத்தோடு மோதுகிறது. ஒரே ஹால் உள்ளவர் பத்தரைக்கு ஆண்களை முடித்து அனுப்பிவிட்டு, பெண் பயிற்சியாளரை வைத்துத் தனி நேரம் ஒதுக்க வேண்டியிருக்கும். உள்ளே நடப்பது தெருவுக்குத் தெரியாதபடி ஒரு திரை போட்டுவிட்டால் பாதித் தயக்கம் போய்விடும்.

கட்டணத்துக்கு வருவோம். மாதச் செலவு 45,000 ரூபாய், கட்டணம் 900 ரூபாய் என்று வைத்துக்கொண்டால், தவறாமல் கட்டுகிற 50 பேர் வேண்டும். கையில் மொத்தமாகக் காசு பார்க்க ஆசைப்பட்டு, திறப்பு விழாச் சலுகை என்று ஓராண்டுப் பணத்தை முன்கூட்டி வாங்குவது வழக்கம். அமெரிக்காவில் மூன்று ஜிம்களின் வருகைப் பதிவுகளை ஆராய்ந்து டெல்லாவிக்னா, மால்மெண்டியர் என்ற பொருளியலாளர்கள் 2006இல் வெளியிட்ட கட்டுரை இதன் மறுபக்கத்தைக் காட்டியது. மாதம் 70 டாலருக்கு மேல் கட்டியவர்கள் சராசரியாக மாதம் நான்கு முறைதான் வந்தார்கள். ஒரு வருகைக்கு 17 டாலருக்கு மேல் ஆனது. அதே ஜிம்களில் பத்து வருகைக்கான சீட்டு வாங்கியிருந்தால் வருகைக்கு 10 டாலர்தான். பெரிய ஜிம்முக்கு வராதவர் லாபம். சிறு ஜிம்முக்கு வராதவர் நஷ்டம், ஏனெனில் அவர் இன்னொருவரைக் கூட்டி வரமாட்டார். ஷிப்ட் மாறும் தொழிலாளிக்கு மாதக் கணக்கைவிட 12 வருகைக்கான அட்டை நியாயமாகப் படும். சம்பளம் வந்தபின், மாதத்தின் இரண்டாம் வாரத்தில் கேட்டால் முகம் சுளிக்காமல் கட்டுவார். வரியைப் பற்றி ஒரு வார்த்தை: ஆண்டு வரவு 20 லட்சத்தைத் தாண்டாத சேவைத் தொழிலுக்குப் பொதுவாக ஜிஎஸ்டி பதிவு தேவையில்லை, தாண்டினாலும் 2025 செப்டம்பர் 22 முதல் ஜிம் கட்டணத்துக்கான வரி 18 சதவீதத்திலிருந்து 5 சதவீதமாக இறங்கியிருக்கிறது.

விளம்பரத்தில் செய்தித்தாளுக்குள் செருகும் நோட்டீஸ் ஒருநாள் கூத்து. கூகுள் மேப்பில் சரியான நேரத்தோடு இடத்தைப் பதிந்து வைப்பது அதைவிடப் பயன்படும். எல்லாவற்றையும் விஞ்சுவது கம்பெனி பஸ். ஒரே இருக்கையில் தினமும் அருகருகே போகும் இருவரில் ஒருவர் சேர்ந்தால் மற்றவர் கேட்பார். ஆகவே நண்பரை அழைத்து வருபவருக்கு இரண்டு வருகை இலவசம் என்ற ஏற்பாடு, ஃபிளெக்ஸுக்கு ஆகும் செலவைவிடக் குறைவு.

பருவமும் பார்க்க வேண்டும். கடலூர் மாவட்டத்தில் ஐப்பசி, கார்த்திகையில் மழை பிடித்துக்கொண்டால் கடற்கரை நடை நின்றுவிடும். நடப்பவர்களை உள்ளே அழைக்க அதுதான் நேரம். தீபாவளி போனஸும் அப்போது கையில் இருக்கும். கார்த்திகை முதல் தேதி சபரிமலைக்கு மாலை போடுகிறவர்கள் பலர். பம்பையிலிருந்து சன்னிதானம்வரை ஏறும் பாதையில் மூச்சுத் திணறலும் மாரடைப்பும் நேர்வதால், வருமுன்பே நடந்தும் சிறு பயிற்சிகள் செய்தும் உடலைத் தயார் செய்துகொள்ளும்படி கேரளச் சுகாதாரத் துறை பக்தர்களுக்கு அறிவுறுத்தி வருகிறது. ஐப்பசியில் ‘மலையேறத் தயாராவோம்’ என்று ஆறு வாரப் பயிற்சி அறிவித்தால், ஜிம் பக்கமே எட்டிப் பார்க்காத ஐம்பது வயதுக்காரரும் குருசாமியோடு வருவார்.

வந்தவர்கள் வராமல் போவதைக் கண்டுபிடிக்கத் தேவைப்படுவது ஒரு வருகைப் பதிவேடு. பெயருக்கு எதிரே அந்த வார ஷிப்டை ஏ, பி, சி என்று குறித்துவைத்தால், வராதவர் ஷிப்டால் வரவில்லையா, விட்டேவிட்டாரா என்பது தெரிந்துவிடும். இரண்டு வாரம் காணாதவரை மாஸ்டரே போனில் கூப்பிட வேண்டும். சி என்று குறித்திருந்தால் மாலை ஐந்து மணிக்குமேல் கூப்பிடுவது நல்லது, நைட் ஷிப்ட் முடிந்து தூங்குகிறவரைக் காலை பத்து மணிக்கு எழுப்பி “ஏன் சார் வரலை?” என்று கேட்டால், அவர் அதற்குப்பின் வரமாட்டார்.