மூப்பும் அமானிதமும் – ஒரு மேனாட்டுத் திரைப்படம்

கல்லூரி மலரில் திரைப்படத்திற்கு இடம் உண்டா என வினவும் பெரியோர் இருத்தல் கூடும். கதை எவ்வடிவில் வரினும் அதனை ஆராய்தல் இலக்கிய மாணவர்க்கு உரிய பணியே என்பது என் துணிபு. மேலும், ஈண்டு எடுத்துக்கொண்ட படம் துப்பாக்கிச் சண்டைக்குப் பெயர்பெற்ற வகையைச் சார்ந்ததாயினும், அமானிதம் பேணுதலையே தன் உயிர்நிலையாகக் கொண்டது.

நம் மாணவர் ‘கௌபாய் படம்’ என்று வழங்கும் இவ்வகையின் தலைவன் பெரும்பாலும் இளைஞன்; குறி தவறாதவன். சாம் பெக்கின்பா இயக்கி, எம்.ஜி.எம். நிறுவனத்தின் வழி 1962இல் வெளிவந்த ‘ரைடு தி ஹை கன்ட்ரி’ என்னும் படத்திலோ தலைவர் இருவரும் முதியவர். ஸ்டீவ் ஜட் என்பவராக நடித்த ஜோயல் மெக்ரே 1905இலும், கில் வெஸ்ட்ரம் என்பவராக நடித்த ராண்டால்ஃப் ஸ்காட் 1898இலும் பிறந்தவர்கள். பல்லாண்டுகள் இத்தகைய வீரர்களாகவே நடித்து முதிர்ந்தவர்கள் ஆதலின், ஒப்பனை செய்ய இயலாததை அவர்தம் முகச்சுருக்கங்களே செய்துவிட்டன. ஸ்காட்டுக்கு இதுவே இறுதிப் படமாயிற்று.

கதை இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் நிகழ்கின்றது. முன்னாள் காவல் அதிகாரியான ஜட் குதிரையேறி ஒரு நகருக்குள் வருகின்றார். இருமருங்கும் மக்கள் ஆரவாரிக்கின்றனர். தம்மை வரவேற்பதாக அவர் எண்ணி மகிழும் வேளையில், சீருடை அணிந்த காவலர் அவரை வழிவிட்டு விலகுமாறு அதட்டுகின்றார். ஆரவாரம் குதிரைகளோடு ஓர் ஒட்டகமும் ஓடும் பந்தயத்திற்கு! சற்று நேரத்தில் மோட்டார் வண்டியொன்று அவரை இடித்துவிடுவது போல் கடக்கின்றது. அவர் காலம் முடிந்தது என்பதைச் சொல்ல உரையாடல் எதுவும் தேவைப்படவில்லை.

மலைமேலுள்ள சுரங்கக் குடியிருப்பிலிருந்து பொன்னைக் கொணர்ந்து வங்கியில் சேர்ப்பிப்பதே அவருக்குக் கிட்டிய வேலை. வங்கியார் இளையவர் ஒருவரை எதிர்பார்த்திருந்தனர். ஜட்டின் சட்டைக் கையோரம் நைந்துள்ளது. காலணியின் அடியில் ஓட்டை. ஒப்பந்தத்தைப் படிக்க வேண்டுமென்று கூறிக் கழிப்பறைக்குள் சென்று தாழிட்டுக்கொண்டு, அங்கே மூக்குக் கண்ணாடியை எடுத்து அணிகின்றார். பார்வை மங்கியது தெரிந்தால் வேலை போய்விடுமே என்னும் அச்சம்! முதுமையின் வறுமையையும் மானத்தையும் ஒருங்கே காட்டும் இக்காட்சிக்கு ஈடான துப்பாக்கிக் காட்சி இப்படத்தில் இல்லை என்பேன்.

இரண்டரை இலட்சம் டாலர் மதிப்புள்ள பொன் என நம்பி வந்தவரிடம், இருபதாயிரமே என்கின்றனர் வங்கியார். சுரங்கத்தில் உண்மையில் திரள்வது அதனினும் மிகக் குறைவு. பொன்னின் அளவு குறையக் குறைய, காக்கப்படுவது பொன்னன்று என்பது புலனாகின்றது. அமானிதங்களை உரியவரிடம் ஒப்படைக்குமாறு திருமறை (4:58) பணிக்கின்றது. தம்மை எதிர்த்த மக்கத்தார் வைத்திருந்த பொருள்களையும் திருப்பித் தருவதற்கென்றே, ஹிஜ்ரத்தின்போது நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் அலீ (ரலி) அவர்களை மக்காவில் விட்டுச் சென்ற வரலாற்றை நாம் அறிவோம். பொருளை வைத்தவர் நம்மை மதித்தாரா என்பது அங்கே வினாவன்று. ஜட்டும் தம்மை ஏளனமாய் நோக்கிய வங்கியாருக்காகவே மலையேறுகின்றார்.

உடன்வரும் கில் அவருடைய பழைய தோழர். பொய்த்தாடியும் பொய்முடியும் தரித்துக் கேளிக்கைச் சந்தையில் பொய்வீரம் பேசிப் பிழைப்பவர். பொன்னைக் கவர்வதே அவர் உள்நோக்கம். எனினும் முதலில் துப்பாக்கியை நீட்டவில்லை. ஊருக்கு உழைத்து நாம் கண்ட பயன் யாது என வழிநெடுகப் பேசிப் பார்க்கின்றார். நேர்மையாளனாகத் தன் இல்லம் புகுதல் ஒன்றே தமக்கு வேண்டுவது என்னும் கருத்துப்பட ஜட் விடையளிக்கின்றார். இத்தொடர், ஃப்ரெஸ்னோ நகரில் வழக்குரைஞராயிருந்த தம் தந்தையின் வாய்மொழியாக இயக்குநர் கேட்டது. அதன் மூலமோ லூக்கா நற்செய்தியில் வரும் உவமை. அவ்வுவமையில் நேர்மையாளனாக வீடு திரும்புபவன் தன் ஒழுக்கத்தைப் பெருமையாகப் பேசியவன் அல்லன். தன் குற்றத்தை எண்ணி வருந்திய வரிவசூலிப்பவன். ஆதலின் ஜட் கூறும் சொல் இறுதியில் கில்லுக்கே பொருந்திவிடுகின்றது.

இடையே எல்சா என்னும் இளம்பெண்ணின் கதையும் உண்டு. வேதவசனம் ஓதிக்கொண்டே மகளை அடிக்கும் தந்தையிடமிருந்து தப்பி, கொடியவர் ஐவர் கொண்ட ஹாமண்ட் சகோதரர் குடும்பத்தில் மணம்புரிந்து அல்லற்படுகின்றாள். வேதம் நாவோடு நின்றுவிடுதல் ஒரு சமயத்தார்க்கு மட்டும் உரிய குறையன்று.

திருட முயன்ற கில்லை ஜட் கையும் களவுமாகப் பிடித்துக் கட்டி இழுத்து வருகின்றார். தப்பியோடிய கில், எல்சாவைத் தேடிவந்த சகோதரர்களிடம் ஜட் சிக்கியதை அறிந்து தாமே திரும்பி வருகின்றார். முதியவர் இருவரும் தோளோடு தோள் சேர்ந்து வெட்டவெளியில் நடந்து எதிரிகளைச் சந்திக்கின்றனர்.

படநிறுவனம் இதனை இரட்டைக் காட்சியின் துணைப்படமாகவே அமெரிக்காவில் வெளியிட்டது. மதிப்பு பின்னரே வந்தது. 1992இல் அமெரிக்கத் தேசியத் திரைப்படப் பதிவேட்டில் இது சேர்க்கப்பட்டது. இதே இயக்குநரின் ‘தி வைல்ட் பன்ச்’ (1969) குருதி மிகுந்தது. மூப்பெய்திய கொள்ளையரைப் பற்றிய அப்படமே பெரும்புகழ் பெற்றது. என் வாக்கு முந்தையதற்கே.

குண்டடிபட்டு வீழ்ந்த ஜட், தாம் இறப்பதை இளையோர் காண வேண்டாம் என்கின்றார். பொன்னை உரிய இடத்தில் சேர்ப்பேன் என்று கில் உறுதியளிக்கின்றார். அது தமக்கு என்றும் தெரியுமென்றும், இடையில் சிறிது காலம் கில்தான் மறந்திருந்தாரென்றும் ஜட் கூறுகின்றார். தோழர் அகன்றபின், தொலைவிலுள்ள மலைகளை ஒருமுறை திரும்பிப் பார்த்துவிட்டு மெல்லச் சாய்ந்து திரையின் விளிம்பிற்குக் கீழே மறைகின்றார். மலைகள் மட்டும் எஞ்சி நிற்கின்றன.